நீலக் கேபிளின் பின்னே: தாம்பரம் முதல் சிறுசேரி வரை

தாம்பரம்

பொதிகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றதும் எங்கள் பெட்டி பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று முந்தின நாள் ஏறியவர்களில் எழும்பூர் வரை போகிறவர்கள் குறைவு. தெக்கத்தி ஆட்களுக்குச் சென்னை என்றால் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம்தான். மெரினாவும் மயிலாப்பூரும் ஊரிலிருந்து விருந்தாள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிற இடங்கள்.

ஊரில் ஆனிச் சாரல் தொடங்கியிருந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து ஆட்டோ ஏறினேன். இங்கே பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது விடிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குகிற கூட்டத்துக்கு அதெல்லாம் உறைக்கிற மாதிரி தெரியவில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். 2004 வரை மீட்டர் கேஜிலும் ஓடியது. மின்சார ரயில் வந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த ஊர் காலையில் ஆளை அனுப்பி இரவில் வாங்கிக்கொள்கிறது. 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் "மெட்ராஸ் போய்ட்டு வரேன்" என்றுதான் ரயில் ஏறுகிறார்கள்.

அக்கா மகன் மேற்குப் பக்கம் டீக்கடையில் காத்திருந்தான். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, அதுவரை தமிழ் வழி. ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஃபீல்டு இன்ஜினியர். பதவிப் பெயர் பெரிசு, சம்பளம் சின்னது. சேலையூரில் ஓர் அறையில் எங்கள் பக்கத்துப் பையன்களோடு இருக்கிறான். அவன் வேலைக்குப் போகிற இடங்களுக்கெல்லாம் கூடவே போய்ப் பார்ப்பதுதான் என் திட்டம். தென்சென்னைப் புறநகரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று ஏரிகளை எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் கண்ணாடிக் கட்டடங்களை எழுதுகிறார்கள். அந்தக் கட்டடங்களிலும் அவற்றைச் சுற்றியிருக்கிற ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிட்டங்கிகளிலும் மாடிப்படிக்கு அடியில் மினுக்கிக்கொண்டிருக்கிற பெட்டிகளை யார் வந்து பார்க்கிறார்கள் என்று எழுதி நான் படித்ததில்லை.

"என்ன மாமா, இம்புட்டுப் பெரிய பை?" என்றான். அக்கா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயும் முறுக்கும்தான் பாதி இடத்தை அடைத்திருந்தன.

"அது கெடக்கட்டும் மாப்ள. ஒன் பைல என்ன இருக்கு, அதக் காட்டு."

டீக்கடை பெஞ்சிலேயே திறந்தான். மூலை உடைந்து டேப் ஒட்டிய லேப்டாப், திருப்புளி, டார்ச், கிரிம்பிங் டூல், கொஞ்சம் ஆர்ஜே-45 முனைகள். எல்லாவற்றுக்கும் மேலே, ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய இளநீல நிறத் தட்டை வயர். கன்சோல் கேபிள். ஒரு முனை நெட்வொர்க் பெட்டியில் நுழையும். மறுமுனை ஒன்பது ஊசி கொண்ட பழைய சீரியல் போர்ட்டுக்கானது. இந்தக் காலத்து லேப்டாப்பில் அந்தப் போர்ட் கிடையாது என்பதால் யூஎஸ்பி மாற்றி ஒன்றும் கூடவே. "இது இல்லாம வீட்ட விட்டு எறங்க மாட்டேன் மாமா. லேப்டாப்ப மறந்தாக்கூட எவன்ட்டயாவது வாங்கிரலாம்" என்றான்.

சானடோரியம்

தாம்பரத்திலிருந்து அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். இரண்டு நிமிடப் பயணத்தில் வெயிலின் குணம் மாறுகிறது, அவ்வளவு மரம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அன்று காசநோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதற்காக நகரத்துக்கு வெளியே தேடிப் பிடித்த இடம் இது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1984-இல் ஏற்றுமதி மண்டலம் ஒன்றும் இதே பகுதியில் வந்தது. எல்லாரும் அதை மெப்ஸ் என்கிறார்கள். காற்றுக்காக வந்த இடத்தில் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன.

மெப்ஸுக்குள் பாஸ் இல்லாமல் போக முடியாது. எங்களுக்கு வேலை வெளியே, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். புதிதாக ஒரு யூபிஎஸ் வைத்திருந்தார்கள். கரண்ட் போனால், பேட்டரி இறங்கினால், அறை சூடானால், யாருக்காவது தகவல் போக வேண்டும். உள்ளே ஃபிரீசரில் மாதிரிகள் இருக்கின்றன. அதற்காக யூபிஎஸ்ஸின் பின்புறத்தில் நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்னதாக ஒரு நெட்வொர்க் மேனேஜ்மென்ட் கார்டு. அதை முடுக்கி வைப்பதுதான் அன்றைய வேலை.

பிரவுசரில் திறந்து பட்டனைத் தட்டினால் ஆகாதா என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே சொன்னான். பிரவுசரில் திறக்க அதற்கு ஒரு ஐபி முகவரி வேண்டும். தானாக முகவரி வழங்குகிற ஏற்பாடு அந்த நிலையத்தில் இந்தப் பகுதிக்குக் கிடையாது. முகவரி இல்லாத பொருளைத் தூரத்திலிருந்து கூப்பிட வழியில்லை. பக்கத்தில் போய், வயரைச் சொருகி, அதன் காதில் நேரே சொல்ல வேண்டும்.

நீலக் கேபிளுக்கு இங்கே வேலை இல்லை. கார்டோடு வந்த தனிக் கேபிளை எடுத்தான். லேப்டாப்பில் புட்டி என்ற சின்ன நிரல். வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. இதை அவன் ஒரே மூச்சில் மந்திரம் போலச் சொன்னான். 9600 என்றால் நொடிக்குச் சுமார் 960 எழுத்து. வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்ட காலத்தில் இது ஆமை வேகம்தான், ஆனால் மனிதன் தட்டச்சு செய்வதற்கு அதிகம். கருப்புத் திரை. என்டர் தட்டினான். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் தட்டியதும் பெயர் கேட்டது. கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூட விழவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கிற கடவுச்சொல் உலகத்துக்கே தெரியும். புதிய கார்டுகள் முதல் தடவை நுழையும்போதே மாற்றச் சொல்லிவிடும். மாற்றினான். பிறகு மூன்று வரி: முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே. கடைசியாக ரீபூட். திரும்பி எழுந்துவர ஒரு நிமிடம் போல ஆகிறது. அந்த நேரத்தில் லேபில் இருந்த அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி அதை எங்கிருந்தும் பார்க்கலாம். பார்ப்பதற்கான மொழிக்கு எஸ்என்எம்பி என்று பெயர், 1988-இல் பிறந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ் நேரத்துக்கு ஒருமுறை கட்டில் கட்டிலாகப் போய் ஜுரத்தைப் பார்த்து அட்டையில் குறிக்கிறார். இடையில் யாருக்காவது மூச்சுத் திணறினால் அவர்களே மணியடிக்கிறார்கள். கண்காணிப்புக் கணினிக்கும் இந்த இரண்டு வழியும் உண்டு. பெட்டியின் 161-ஆம் போர்ட் என்கிற கதவில் அது போய்க் கேட்கும். அவசரம் என்றால் பெட்டி 162-க்கு மணியடிக்கும். பழைய பதிப்பில் இதற்கான ரகசியச் சொல்லைப் பெரும்பாலான பெட்டிகளில் 'பப்ளிக்' என்றே போட்டு அனுப்பினார்கள். ரகசியத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை போலும். மறையாக்கத்தோடு வந்த மூன்றாம் பதிப்பு 2002-இலேயே முழு வடிவம் பெற்றுவிட்டது. இன்றும் 'பப்ளிக்' மாற்றப்படாத பெட்டிகளைப் பார்ப்பதாக மாப்பிள்ளை சொன்னான்.

வேலை முடிந்ததா என்று சரிபார்க்க, மெயின் சுவிட்சை அணைத்தான். சில நொடிகளில் லேப் மேனேஜரின் போன் அதிர்ந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

பல்லாவரம்

குரோம்பேட்டையை ரயில் ஜன்னலோடு கடந்தோம். பெயர் கொடுத்த குரோம் லெதர் கம்பெனியை இப்போது யாரும் நினைப்பதில்லை. துணிக்கடைப் பைகளோடுதான் கூட்டம் ஏறுகிறது.

வெள்ளிக்கிழமை என்பதால் பல்லாவரத்தில் சந்தை. செடி, கோழிக்குஞ்சு, மீன்தொட்டி, பழைய கட்டில், இஸ்திரிப் பெட்டி, ஒற்றைச் செருப்பு வரைக்கும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒற்றைச் செருப்பையும் பார்த்தேன். எங்கள் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டையை மிதிக்காமல் நடக்க வேண்டும். இங்கே சார்ஜர் வயரை மிதிக்காமல் நடக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்க, கரும்புச்சாற்றுக் கடைக்காரர் ஐஸ் போடவா வேண்டாமா என்று கேட்காமலே போட்டார்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் இங்கே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அடையாளமாகக் கண்டுகொள்ளப்பட்ட முதல் கருவி அதுதான். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது. கையில் கரும்புச்சாற்றோடு நின்று யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஃபுட்டைப் பற்றிக் கவலையில்லை. தார்ப்பாயில் குவித்திருந்த பழைய மின்சாமான்களுக்குள் கையை விட்டுத் துழாவி, 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை இழுத்தான். மூடிய ஏதோ அலுவலகத்திலிருந்து எடைக்கு வந்தது. கடைக்காரர் அதை ஒரு பெட்டி என்றுதான் அறிவார். உள்ளே செம்பு எவ்வளவு என்பது அவர் கணக்கு. பேரம் படிந்தது.

அன்றிரவு அறையில் அதற்குக் கரண்ட் கொடுத்து நீலக் கேபிளைச் சொருகியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடவுச்சொல் தெரியாது, ஆனால் முன்பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தால் அந்த மாடலைப் பழைய அமைப்பைப் படிக்காமல் எழுப்ப வழி உண்டு. எழுந்த பிறகு பழைய கோப்பைத் திறந்தான். அக்கவுண்ட்ஸ், ஹெச்ஆர், கேமரா என்று தனித்தனி விலேன்கள், ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த வலைகள். கேமரா சர்வரின் முகவரி. யாரோ ஒருவர் கவனமாக எழுதிவைத்த குறிப்புகள், எந்தப் போர்ட் எந்த மேஜைக்கு என்று. ஒரு கம்பெனியின் முழு வரைபடம் சந்தையில் தார்ப்பாய் மேல் வெயில் காய்ந்திருக்கிறது. விற்கிறதற்கு முன்னால் 'ரைட் இரேஸ்' என்று ஒரு வரி அடித்து, விலேன் கோப்பையும் அழித்திருந்தால் போதும். கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுகிறபோது ஹார்டு டிஸ்க்கைப் பற்றி யோசிக்கிறவர்கள்கூட ஸ்விட்சுக்கு நினைவு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை முழுக்க அழித்துவிட்டுத்தான் படுத்தான். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளப் போகிறானாம்.

முடிச்சூர்

அறைக்குத் திரும்புவதற்கு முன்பு, சாயங்காலம் முடிச்சூர் போனோம். இந்தப் பயணத்தில் மறக்க முடியாத ஆளை அங்கேதான் பார்த்தேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. குற்றாலத்துப் பக்கத்து ஆளான எனக்கே அந்த எண் ஜீரணமாகவில்லை. அடையாறு இந்த வழியாகத்தான் வருகிறது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகில் இறக்கினார்கள். இன்றும் சில வீட்டுச் சுவர்களில் வாசற்படிக்கு மேல் மங்கலாக ஒரு கோடு. வெள்ளையடித்தும் போகவில்லை என்கிறார்கள். அடிக்க மனசில்லை என்றார் ஒருவர்.

அங்கே ஒரு கேபிள் டிவி அலுவலகம். இப்போது தொழில் முக்கியமாக ஃபைபர் இன்டர்நெட். முதல் மாடியில் சின்ன ஏசி அறை, உள்ளே ஓஎல்டி என்கிற தலைமைப் பெட்டி. வெள்ளம் வந்த வருடம் இது கீழ்த்தளத்தில் இருந்ததாம். ஒரே இரவில் எல்லாம் போயிற்று. இப்போது எந்தப் பெட்டியும் மாடிக்குக் கீழே கிடையாது.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். புடவையில் சாவிக்கொத்து. ஒரு கையில் போன், இன்னொரு கையில் மௌஸ். செய்யாறு பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆரம்பத்தில் மாதப் பணம் வசூல் எழுதத்தான் உட்கார்ந்தார். நாங்கள் போனபோது போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்க பாக்ஸ்ல ரெட் லைட் எரியுதா? எரியலையா? சரி, ஒரு நிமிஷம்."

கருப்புத் திரையைத் திறந்து வரியை அடித்தார். அந்த வீட்டுப் பெட்டியான ஓஎன்யு-வின் ஒளி அளவு வந்தது. மைனஸ் 19. "லைன் நல்லாருக்கு சார். உங்க வைஃபைதான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "மைனஸ் இருபத்தேழு தாண்டிச்சுன்னா பையனை அனுப்பணும். எங்கயாச்சும் எலி கடிச்சிருக்கும், இல்லாட்டி கார்ப்பரேஷன்காரங்க தோண்டியிருப்பாங்க. அதுக்குள்ள இருந்தா இங்கயே பாத்துடுவேன்."

ஒரு போர்ட்டிலிருந்து 64 வீடு வரைக்கும் ஒளியைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டையும் அவர் தெருப் பெயரில் இல்லாமல் போர்ட் எண்ணில்தான் நினைவு வைத்திருக்கிறார். "மூணு-பதினேழு வாத்தியார், நல்ல மனுஷன். ரெண்டு-நாப்பது, அப்பப்பா."

மேஜையில் அட்டை கிழிந்த 80 பக்க நோட்டு. கேட்டதும் தயங்காமல் கொடுத்தார். பக்கம் பக்கமாகக் கட்டளைகள், எல்லாம் தமிழ் எழுத்தில். 'எனேபிள்.' 'கான்ஃப் டி.' 'ஷோ ரன்.' 'ரைட் மெம், மறக்கக் கூடாது', இதற்குக் கீழே சிவப்பில் இரட்டைக் கோடு. மாற்றிய எதையும் சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வரும்போது பெட்டி பழைய நிலைக்கே போய்விடும். புறநகரில் கரண்ட் போய்வருவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

"இங்கிலீஷ் பயம் இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க பயம்? இது நம்மளப் பேசச் சொல்லல, செய்யச் சொல்லுது. மொத்தமே ஐம்பது அறுபது வார்த்தை. கஸ்டமர் கேர்ல இங்கிலீஷ்ல பேசுனாத்தான் கை நடுங்கும்."

கருப்புத் திரையைப் பார்த்தால் எனக்கெல்லாம் பயம். படம் கிடையாது, பட்டன் கிடையாது. படித்தவர்களுக்கானது என்று தோன்றும். முடிச்சூரில் அந்த எண்ணம் போயிற்று. அங்கே இலக்கணம் வேண்டாம், உச்சரிப்பு வேண்டாம். அடுத்து என்ன அடிப்பது என்று தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். இந்த இடத்தில் என்னென்ன வரலாம் என்று வரிசையாகக் காட்டும். தப்பாக அடித்தால் சரியாக எந்த எழுத்தில் தப்பு என்று அதற்கடியில் ஒரு கூம்புக்குறி வைத்துக் காட்டும். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. வகுப்பில் எழுந்து கேள்வி கேட்க வெட்கப்பட்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் ஆயிரம் உண்டு, என் மாப்பிள்ளையும் சேர்த்து. அவர்களுக்கு இது ஒத்துப்போனதில் ஆச்சரியம் என்ன? இந்தப் புறநகரின் பெட்டிகளை நடத்துகிறவர்களில் இத்தனை பேர் தமிழ் வழியில் படித்தவர்களாக இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அக்காவின் நோட்டில் இன்னொரு வரி என் கண்ணில் பட்டது. 'ரவுட்டர்ல கை வைக்கும் முன்: ரீலோட் இன் 10.' மாப்பிள்ளைதான் சொல்லிக்கொடுத்தானாம். தூரத்திலிருந்து ஒரு ரவுட்டரின் அமைப்பை மாற்றும்போது, நாம் நுழைந்த வழியையே நாமே அடைத்துவிடுகிற அபாயம் உண்டு. அதனால் முதலிலேயே அதனிடம் சொல்லிவைக்கிறார்கள்: பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழுந்திரு. மாற்றம் சரியாக அமைந்தால் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். அடைபட்டுப் போனால் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பத்தாவது நிமிடம் அது பழைய அமைப்போடு எழுந்துவிடும். நள்ளிரவில் திருநீர்மலைக்கோ மாடம்பாக்கத்துக்கோ வண்டியை விரட்டுகிற வேலை மிச்சம்.

கிளம்பும்போது அக்கா கேழ்வரகு அடை கொடுத்தார், முருங்கைக்கீரை போட்டது. அவருடைய ஊர்ப் பக்கத்துக் கைமணம். நான் நார்த்தங்காய் ஊறுகாயில் பாதியை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

வண்டலூர், கூடுவாஞ்சேரி

மறுநாள் ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே. வண்டலூரில் விலங்குகளைப் பார்க்க வரும் பள்ளிக்கூட பஸ்கள். 1855-இல் மெட்ராஸில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை 1985-இல் இங்கே இடம் மாறியது. கொஞ்ச தூரத்தில் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பேருந்து முனையம் அது. தெக்கத்தி பஸ்களெல்லாம் கோயம்பேட்டிலிருந்து இங்கே வந்துவிட்டன. வடசென்னை உறவுக்காரர்கள் இன்னும் திட்டுகிறார்கள். சேலையூர் அறைவாசிகளுக்குக் கொண்டாட்டம்.

கூடுவாஞ்சேரி பக்கம் வல்லாஞ்சேரியில் ஜோஹோ நிறுவனத்தின் வளாகம். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இதை ஒரு சுற்றுலாத் தலம் போல எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த உற்சாகம் கிடையாது. ஆனால் என் பயணத்துக்கு இந்த இடம் தவிர்க்க முடியாதது. இன்று மெயில், அலுவலக மென்பொருள் என்று அறியப்படுகிற இந்த நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்த வேலை நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். சானடோரியத்தில் நான் பார்த்த அதே எஸ்என்எம்பி. பெட்டிகளைச் செய்கிற கம்பெனிகளுக்கு அவற்றைக் கண்காணிக்கும் கருவிகளை எழுதி விற்றார்கள். 2000-த்தையொட்டித் தொலைத்தொடர்புச் சந்தை உலகம் முழுக்கச் சரிந்து, வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் பல காணாமல் போயின. பிறகுதான் அலுவலக ஐடி ஆட்களுக்கான மேனேஜ் இன்ஜின், அதற்குப் பின் மற்றவை. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆனது.

2005-இல் அவர்கள் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். பன்னிரண்டாவது, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, வேலை கற்றுத்தருகிற ஏற்பாடு. பட்டம் கேட்பதில்லை. மாப்பிள்ளையின் அறைத்தோழன் ஒருவன் முயன்றான், இடம் கிடைக்கவில்லை. இன்னொருவனின் தங்கை உள்ளே இருக்கிறாள். அதே நிறுவனம் 2011-இல் எங்கள் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது. நாங்கள் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வழியில் இப்போது ஐடி ஊழியர்கள் சைக்கிளில் போகிறார்கள். அங்கிருந்து இங்கே வருகிற ரயிலும் குறையவில்லை. ஓர் அலுவலகத்தால் ஒரு மாவட்டத்தின் இடப்பெயர்ச்சி நின்றுவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் விடிகாலையில் தாம்பரம் பிளாட்பாரத்துக்கு வந்து நிற்கலாம்.

மத்தியானச் சாப்பாடு ஜிஎஸ்டி ரோட்டோரத்தில் 'பார்டர்' என்று பெயர் வைத்த பரோட்டாக் கடையில். செங்கோட்டை எல்லையில் சாப்பிட்டவனுக்கு இங்கே சால்னா ஏமாற்றம்தான். நாட்டுக்கோழி வறுவலுக்கு மட்டும் ஒரு மார்க் கூடப் போடலாம்.

கேளம்பாக்கம், சிறுசேரி

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலை கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. பாதி தூரம் காடும் குன்றும், மீதி தூரம் அடுக்குமாடி விளம்பரமும். கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் பக்கம் திரும்பினால் திடீரென்று உப்பளம். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது சின்னப் பாத்திதான். ஆனால் வெள்ளைக் குவியலுக்குப் பின்னால் இருபது மாடிக் கட்டடங்களைத் தூத்துக்குடியில் பார்க்க முடியாது.

சிறுசேரி சிப்காட்டில் இப்போது ஜன்னல் இல்லாத கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. டேட்டா சென்டர்கள். கடலுக்கடியில் வரும் கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுவதால்தான் இந்தக் கடலோரத்துக்கு இவ்வளவு கிராக்கி. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வருவது உண்டு. அந்தமானுக்குப் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதற்கும் இந்த முனை சென்னைதான்.

உள்ளே நம்மை விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடை. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் அங்கே வந்தான். சிவகிரிக்காரன், இந்தக் கட்டடம் ஒன்றில் இரவு வேலை. தூங்கி எழுந்த முகம். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

கார்டுக்குக் கார்டு வயரைச் சொருகி முகவரி சொல்கிற வேலையெல்லாம் உள்ளே இல்லையாம். புதுப் பெட்டியை ரேக்கில் மாட்டிக் கரண்ட் கொடுத்தால் தானே முகவரி வாங்கி, தானே தன் அமைப்புக் கோப்பை இறக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறது. நூறு பெட்டிக்கு ஒரே நிரல். மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடியதைக் கவனித்தேன். எனக்கும் முடிச்சூர் நோட்டு நினைவுக்கு வந்தது. கேள்விக்குறி போட்டுக் கற்றுக்கொள்கிற இடம் இல்லாமல் போனால் அடுத்து வருகிற பையன்கள் எந்த வழியாக நுழைவார்கள்?

"அப்போ கன்சோலே கெடையாதாடே?" என்றான் மாப்பிள்ளை.

"யாரு சொன்னா? ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கன்சோல் சர்வர் இருக்கு" என்றான் சிவகிரிக்காரன். அவன் விளக்கியது இது. அந்த ஒரு பெட்டியிலிருந்து வரிசையில் இருக்கிற எல்லாப் பெட்டிகளின் கன்சோல் போர்ட்டுக்கும் தனித்தனி வயர் போகிறது. கன்சோல் சர்வருக்கே வெளியுலகத்தோடு தனி இணைப்பு. பெரிய நெட்வொர்க்கோடு சம்பந்தமில்லாதது, சில இடங்களில் மொபைல் சிம். பெரிய நெட்வொர்க் முழுக்க விழுந்தாலும் இந்தக் குறுக்குச் சந்து வழியாக உள்ளே போய் ஒவ்வொரு பெட்டியையும் தட்டி எழுப்பலாம். அமைக்கும்போது அதற்கும் முதல் முகவரியைக் கையால்தான் கொடுத்தார்களாம், கருப்புத் திரையில்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்துவிட்டது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு இணைப்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை நிரலில் ஒரு பிழை. தூரத்திலிருந்து சரிசெய்கிற வழிகளும் சேர்ந்தே போய்விட்டதால் ஆட்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்பினார்கள். அந்தக் கட்டடங்களின் காவல் கட்டுப்பாடுகளைத் தாண்டி உள்ளே போவதற்கே நேரம் பிடித்தது. சிவகிரிக்காரன் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் பயிற்சி வகுப்பே அதைப் பற்றித்தானாம்.

"ஸ்பீடு என்ன?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"9600தான். பழசுக்குப் பூரா அதான்."

அதற்குப் பிறகு மாப்பிள்ளை தேறிவிட்டான். இன்னொரு டீ சொன்னான். உள்ளே ஆள் எடுக்கிறார்களா, சம்பளம் எவ்வளவு, கேளம்பாக்கத்தில் அறை வாடகை என்ன என்றெல்லாம் விசாரித்தான். ராத்திரி ஷிஃப்டுக்கு கன்சோல் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்றான் கூட்டாளி, ரெஸ்யூமை அனுப்பச் சொன்னான்.

"இன்டர்வியூல இங்கிலீஷ்லயா பேசணும்?"

"கொஞ்சம் பேசணும். சேந்ததுக்கு அப்பறம் கவலையில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க பேசுததுக்கு ஒரு மனுசன் இருக்க மாட்டான்லே."